புது வீட்டில் குழாய்க் கோளாறா? கேளுங்கள், சொல்கிறேன்

முதலிலேயே ஒன்று. டைல்ஸை உடைப்பதற்கு முன்னால், ஒழுகுவது எந்தக் குழாய் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதை இன்று பல தடவை சொல்ல வேண்டிவரும் என்று தெரியும். பரவாயில்லை.

கேள்வி: குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறுகிறது. பிளம்பர் எல்லா டைல்ஸையும் உடைக்கச் சொல்கிறார். உடைக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். சந்தேகப்பட வேண்டியவை மூன்று: தண்ணீர் வரும் லைன், கழிவு போகும் லைன், தரையின் நீர்க்காப்பு. வரும் லைனில் எப்போதும் அழுத்தம் இருப்பதால் அது இரவு பகலாகக் கசியும். மற்ற இரண்டும் குளியலறையைப் புழங்கினால்தான் கசியும். இரண்டு நாள் அந்த அறையைப் பூட்டிவையுங்கள், ஆனால் அதற்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறந்தே விடுங்கள். ஓதம் குறையாமல் பரவினால் வரும் லைன் மேல் சந்தேகம் வலுக்கும். சுவர் காய நாளாகும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வு உட்பட வீட்டில் திறக்கும் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, இரவில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஏறாமல் மோட்டாரையும் நிறுத்துங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், அந்தக் குளியலறைக்குப் போகும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் கேட் வால்வை மூடிவிட்டு மறு இரவு இதையே செய்யுங்கள். இந்த முறை இறங்கவில்லை என்றால் இடம் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. பிளம்பரிடம் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. குளிர்நீர் லைன், சுடுநீர் லைன் இரண்டிலும் தனித்தனியாக அழுத்தம் ஏற்றி, கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வரும் லைன் சரியாக இருந்தால், தரையை நனைக்காமல் ஒரு ஹோஸை ஃப்ளோர் ட்ராப்புக்குள் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அது கழிவு லைனுக்கான சோதனை. அப்புறம் ட்ராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். அது நீர்க்காப்புக்கானது. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எதனால் கசிந்தது என்று தெரியாமல் போகும். ஓதம் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலேயே தூரமாகப் போய்த் தலைகாட்டும்.

கேள்வி: வாஷ்பேசினில் சுடுநீர் வலப்பக்கம் வருகிறது.

பதில்: இடப்பக்கம் சுடுநீர் என்பதுதான் வழக்கம். பேசினுக்கு அடியில் இரண்டு ஹோஸையும் மாற்றி மாட்டினால் முடிந்தது.

கேள்வி: கமோடில் ஃப்ளஷ் செய்தால் ஃப்ளோர் ட்ராப்பில் குளுக் குளுக் என்று சத்தம். அப்புறம் நாற்றம். ட்ராப்பை மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

பதில்: ட்ராப் மேல் பழி போடாதீர்கள். அதன் வேலை, சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீரைத் தேக்கி வைத்து, அடியிலிருக்கும் வாயுவைத் தடுப்பது. ஃப்ளஷ் தண்ணீர் கூட்டமாக இறங்கும்போது பின்னால் காற்று தேவை. அது வருவதற்கு வென்ட் பைப் இல்லை என்றால் ட்ராப் வழியாக இழுக்கும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வரும் சத்தம்தான் இதுவும். தேங்கிய தண்ணீரும் கூடவே போய்விடும், நாற்றம் உள்ளே வரும். கழிவு லைனின் நிமிர்ந்த குழாய் மொட்டை மாடிக்கு மேல்வரை போய்த் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நானும் பிளம்பர்தான். நான் போட்ட பாதி வீடுகளில் வென்ட் கிடையாது, யாரும் குறை சொன்னதில்லை. தண்ணீர் தானாகக் கீழேதான் போகும். ஏன் வீணாகச் செலவு வைக்கிறீர்கள்?

பதில்: கீழே போகும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை அண்ணே. போகும்போது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் பேச்சு. கமோடு மட்டும் உள்ள சின்ன லைனில் தெரியாமல் போகலாம். மேல்மாடியும் அதே குழாயில் சேர்ந்தால் தெரியும். நாற்றம் வந்தால் வீட்டுக்காரர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள், உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

கேள்வி: (அதே பிளம்பர்) அப்படியானால் ஆழமான ட்ராப் போட்டால் போதுமே?

பதில்: கொஞ்சம் தாங்கும். ஆனால் அழுக்கும் அதிகம் தங்கும், இழுப்பும் அப்படியே இருக்கும்.

கேள்வி: காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு விற்கிறார்களே, அதைப் போடலாமா?

பதில்: தனியாக ஒதுங்கிய சிங்க்குக்குப் போடலாம், கை எட்டும் இடத்தில். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதனால் வெளியே திறந்த வென்ட் ஒன்றாவது வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் நிற்கும் குழாய்க்குக் கொசு வராமல் மூடி போட்டிருக்கிறோம். எங்களுக்கும் அதே குளுக் குளுக்.

பதில்: பிளம்பர் அண்ணே, இதைப் பார்த்தீர்களா? மூடியைக் கழற்றிவிட்டு வலை கட்டுங்கள்.

கேள்வி: கழிவுக் குழாய்க்கு வாட்டம் (சரிவு) எவ்வளவு? அதிகம் கொடுத்தால் நல்லதுதானே?

பதில்: ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் போதும். பேசின் குழாய் மாதிரிச் சிறிய குழாயில் செங்குத்தாகக் கொடுத்தால் ட்ராப் தண்ணீரை அதுவே உறிஞ்சிவிடும்.

கேள்வி: சுவரில் ஓதம். டைல்ஸை உடைக்கலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மேல்மாடி ஷவரைத் திறந்தால் தண்ணீர் வேகமில்லாமல் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பெரிய ஷவர் வாங்கலாமா?

பதில்: ஷவரைக் கழற்றிக் கழுவுங்கள். புது வீட்டு லைனில் மணலும் குழாய் அறுத்த துருவலும் வந்து அடைக்கும். அதன் பிறகும் அப்படியே என்றால் உயரம்தான் காரணம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம். தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார்தான் கிடைக்கும். பெரிய ஷவர் போட்டால் இன்னும் மோசமாகும்.

கேள்வி: கீஸரின் பாதுகாப்பு வால்வு சொட்டியதால் பிளம்பர் பிளக் போட்டு அடைத்துவிட்டார். சரியா?

பதில்: தப்பு. இப்போதே மின்சாரத்தை நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட் பழுதானால் அழுத்தத்தை வெளியேற்ற இருப்பது அந்த வால்வுதான். அதை அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும். பிளக்கை எடுத்து, வால்வுக்குத் திறந்த குழாய் வைத்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள்.

கேள்வி: சுடுநீர் லைனுக்கு வெள்ளை பிவிசி போட்டுவிட்டார்கள்.

பதில்: சூட்டில் இளகும், வளையும். சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போட்டு மாற்றுங்கள். அதை ஒட்ட அதற்கான சொல்யூஷனையே பூச வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தக்காரர் மேல் வழக்குப் போடலாமா? எந்த பிராண்ட் நல்லது? ஓதத்துக்கு ஏதாவது பெயின்ட் உண்டா?

பதில்: வக்கீலைக் கேளுங்கள். சொல்ல மாட்டேன். முதல் பதில்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னும் பூச்சு போடவில்லை. இப்போது என்ன செய்யலாம்?

பதில்: இப்போதே கேட்டீர்களே, மகிழ்ச்சி. தண்ணீர் வரும் லைனின் எல்லா முனைகளுக்கும் எண்டு கேப் (மூடி) போட்டு, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றுங்கள். கழிவுக் குழாயின் வாய்களையும் மூடுங்கள், இல்லையென்றால் சிமென்ட் கலவை உள்ளே விழுந்து இறுகும். சுவர் ஒவ்வொன்றையும் அளவு டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். சோதனை முடிந்ததும் கேஜைக் கழற்றாதீர்கள், அழுத்தத்தைக் குறைத்து அப்படியே விடுங்கள். கொத்தனாரோ எலக்ட்ரீஷியனோ ஒரு குழாயில் ஆணி இறக்கினால் முள் அன்றைக்கே கீழே வந்துவிடும்.