சோதனை பிளாக் சாதனங்கள்: கேட்காமலே அமையும் மதிப்புகள்

கேள்வி: 8 ஜிபி நினைவகமே உள்ள லினக்ஸ் மடிக்கணினியில், சோதனைக்கான போலி வட்டை (பிளாக் சாதனத்தை) உருவாக்கும் நல்-பிளாக் (null_blk) மாட்யூலை ஏற்றியதும் 250 ஜிபி அளவில் ஒரு சாதனம் வந்தது. அதில் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமையைப் பிழையின்றி அமைத்தேன். ஆனால் மவுன்ட் செய்தால் (பயன்பாட்டுக்கு இணைத்தால்) சூப்பர்பிளாக், அதாவது கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி, சரியில்லை என்கிறது. எங்கே தவறினேன் ஐயா?

பதில்: தவறு உங்களுடையது அன்று, நீங்கள் எழுதிய எதையும் அந்தச் சாதனம் வைத்துக்கொள்ளவில்லை. 2014 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸின் 3.13 கர்னலில் (மையக்கருவில்), வட்டுக்கான கோரிக்கைகளைப் பல வரிசைகளில் கையாளும் புதிய பிளாக் அடுக்கோடு சேர்ந்து வந்த இது, அந்த அடுக்கின் வேகத்தை அளக்கவே எழுதப்பட்டது. வட்டின் தாமதம் அளவீட்டில் கலக்கக் கூடாது என்பதால், எழுதச் சொன்னால் முடிந்தது என்று உடனே தெரிவித்துவிட்டுத் தரவைக் கைவிடுகிறது. 250 என்பது அறிவிக்கப்பட்ட அளவு மட்டுமே. அதற்கென நினைவகம் ஒதுக்கப்படவில்லை. கோப்பு முறைமையை அமைக்கும் நிரல் தான் எழுதியதைச் சாதனத்திலிருந்து சரிபார்ப்பதில்லை. மவுன்ட் செய்யும்போதுதான் சூப்பர்பிளாக்கை அங்கிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மெமரி-பேக்டு (memory_backed) என்ற அமைப்பை 1 ஆக்கினால் தரவு நினைவகத்தில் தங்கும்.

கேள்வி: அதற்காகவே கான்ஃபிக்-எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் configfs-இல்) அடைவு உருவாக்கி, மெமரி-பேக்டு 1, சைஸ் 4 என்று எழுதினேன். சாதனம் தோன்றவே இல்லை.

பதில்: அடைவை உருவாக்குவது சாதனத்தை உருவாக்குவதாகாது, பவர் என்ற கோப்பில் 1 எழுதிய பிறகே அது தோன்றும். அதன்பின் சைஸை மாற்ற முயன்றால் சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வரும் என்பதால், முதலில் பவரை 0 ஆக்க வேண்டும். நீங்கள் எழுதிய 4 என்பது 4 மெகாபைட். மாட்யூலை ஏற்றும்போது அளவை ஜிபியிலும், இங்கே மெகாபைட்டிலும் கேட்பது நல்ல வடிவமைப்பு என்று நான் கருதவில்லை. பலர் இதில் இடறுகிறார்கள்.

கேள்வி: நல்-பிளாக்கில் ஒவ்வொரு கோரிக்கையும் முடிந்ததாக அறிவிக்கும் முன் காத்திருக்கும் முடிப்புத் தாமதத்தை (completion_nsec) 10,000 நானோசெகண்டிலிருந்து பத்து மடங்கு உயர்த்தியும் வேகம் மாறவில்லையே?

பதில்: கோரிக்கை முடிந்ததை அறிவிக்கும் முறையைக் குறிக்கும் ஐஆர்க்யூ-மோடு (irqmode) 2, அதாவது டைமர் முறை, ஆக இருந்தால் மட்டுமே அந்த எண் மதிக்கப்படும். இயல்பு மதிப்பு 1.

கேள்வி: ஒரே தரவை இரு வட்டுகளில் நகலெடுக்கும் ரெய்டு-1 சோதனைக்காக, போலி ஸ்கஸி வட்டுகளை உருவாக்கும் ஸ்கஸி-டீபக் (scsi_debug) மாட்யூலை இரண்டு டார்கெட்டுகளுடன் (ஒரே கட்டுப்படுத்தியில் இணைந்த இரு சாதனங்களுடன்) ஏற்றினேன். தலா 8 மெகாபைட்டில் இரண்டு வட்டுகள் வந்தன. ஒன்றில் கோப்பு முறைமையை அமைத்தால் மற்றொன்றிலும் அதே யூயூஐடி (கோப்பு முறைமையின் தனித்த அடையாள எண்) தெரிகிறது.

பதில்: இவற்றுள் மிக ஆபத்தானது இதுவே. ஸ்கஸி-டீபக் காட்டும் எல்லா வட்டுகளும் இயல்பாக ஒரே நினைவகப் பகுதியைத்தான் பகிர்கின்றன. 8 மெகாபைட் என்பதும் அந்த ஒற்றைப் பகுதியின் அளவே. ஒரு வட்டில் எழுதியது மற்றதில் தானாகவே இருப்பதால், உங்கள் ரெய்டு நிரல் இரண்டாம் நகலை எழுதத் தவறினாலும் சோதனை அதைக் கண்டுகொள்ளாது. பெர்-ஹோஸ்ட்-ஸ்டோர் (per_host_store) என்பதை 1 ஆக்குங்கள். ஆனால் பெயர் சொல்வதுபோல அது ஹோஸ்டுக்கு (போலிக் கட்டுப்படுத்திக்கு) ஒரு பகுதியைத் தருமே தவிர, டார்கெட்டுக்கு ஒன்றைத் தராது. எனவே டார்கெட்டுகளைக் கூட்டாமல், ஆட்-ஹோஸ்ட் (add_host) மதிப்பை 2 ஆக்க வேண்டும். பின்னர் ஒரு வட்டின் முதல் செக்டரில் எதையேனும் எழுதி, மற்ற வட்டின் அதே செக்டரைக் கேஷைத் தவிர்த்து நேரடியாகப் படித்து, எழுதியது அங்கே இல்லை என்று உறுதிசெய்த பிறகே ரெய்டைத் தொடங்குங்கள்.