டயாலிசிஸ் கேள்வி பதில்: மெஷின் இல்லாத நாட்கள்

வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் இருப்பவன் நான். மருந்து அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மற்றதை இங்கே பேசலாம்.

கேள்வி (பெரம்பூர்): அப்பாவுக்கு இப்போதுதான் டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் படுத்துவிடுகிறார். மனசு விட்டுப்போச்சா அண்ணா?

முதலில் அது உடம்புச் சோர்வும்மா. அந்த நான்கு மணி நேரத்தில் சேர்ந்த தண்ணீரையெல்லாம் எடுக்கிறார்கள், பிரஷர் இறங்கும், தலை கனக்கும், அன்றைக்குச் சாயங்காலம் "என்னப்பா, என்னப்பா" என்று கேட்காமல் தூங்க விடுங்கள். மறுநாள் அவருடைய நாள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கரண்ட் பில் கட்டுவது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையில் ஒன்றையாவது அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையில் மட்டும் கனம் தூக்க வேண்டாம். ஊசி வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், நம்மால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற நினைப்பைத்தான் தாங்க முடியாது. மறுநாளும் அப்படியே கிடந்து, "இனி எதுக்கு" என்று பேசினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

கேள்வி (சைதாப்பேட்டை): இந்த வெயிலில் ஒரே ஒரு இளநீர் குடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. அதில் பொட்டாசியம் அதிகம், நமக்கு அது ரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தாகத்துக்குக் காரணம் பெரும்பாலும் உப்பு, ஊறுகாய் அப்பளம் கருவாட்டை விட்டாலே பாதி அடங்கும். டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் பிடித்து வையுங்கள், ஐஸ் கட்டி சப்பினாலும் அந்தக் கணக்குதான். என் காலைக் காபியை நான் விடவில்லை, அரை டம்ளர், அதுவும் கணக்கில்.

கேள்வி (தாம்பரம்): மாற்றுக் கிட்னிக்குப் பதிவு செய்திருக்கிறேன். அது கிடைக்கும்வரை எதிலுமே மனசு ஒட்டவில்லை.

நானும் டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில்தான் இருக்கிறேன். கூப்பிடும்போது கூப்பிடட்டும், போனை ஆஃப் செய்யாமல் வைத்துக்கொண்டு வாழ ஆரம்பியுங்கள். மார்கழி வந்தால் மெஷின் இல்லாத நாட்களில் சபாவுக்குப் போய்விடுவேன், மத்தியானக் கச்சேரிக்குப் பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது, பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் அந்தக் கிரியாட்டினின் டெஸ்ட் ஞாபகமே வராது! வெளியூர்க் கல்யாணத்தையும் விடாதீர்கள். அந்த ஊர் சென்டரில் முன்கூட்டியே பேசி இடம் பிடியுங்கள், ஹெபடைடிஸ், எச்ஐவி ரிப்போர்ட்டும் கடைசி டயாலிசிஸ் சீட்டும் கையில் இருக்கட்டும்.

கேள்வி (திருவொற்றியூர்): செலவு கட்டுப்படியாகவில்லையே?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? டயாலிசிஸ் அதில் வரும். இல்லையென்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், ரேஷன் கார்டோடு போய்க் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.