கேட்டீங்க, சொல்றோம்: கருங்கடல்ல கப்பல் ரெண்டா முறியுறது ஏன்?

கேள்வி: சார், 2024 டிசம்பர்ல கருங்கடலையும் அசோவ் கடலையும் சேர்க்குற கெர்ச் ஜலசந்தி பக்கம் ரெண்டு ரஷ்ய எண்ணெய் டேங்கர் புயல்ல மாட்டுச்சே, அதுல ஒண்ணு ரெண்டா முறிஞ்ச வீடியோ பார்த்தேன். கருங்கடலை சுத்தி நிலம்தானே, ஏரி மாதிரி. அங்க எப்படி அவ்ளோ பெரிய அலை வருது? (வாசகி, நாமக்கல்)

பதில்: ஏரின்னே வச்சுக்குவோம், ஆனா கிழக்கு மேற்கா சுமார் 1,150 கி.மீ நீளம், ஆழம் சில இடத்துல 2,200 மீட்டரை தாண்டும். அலை பெருசாக மூணு விஷயம் வேணும்: காத்து எவ்ளோ வேகம், எவ்ளோ நேரம் விடாம அடிக்குது, எவ்ளோ தூரம் தடையில்லாம தண்ணி மேல ஓடுது. முதல் ரெண்டுக்கும் குளிர்காலத்துல அங்க பஞ்சமே இல்ல, மூணாவதுக்குத்தான் இடம் பத்தாது. அதனால பெருங்கடல்ல மாதிரி நீண்ட அலை அங்க வளர்றதுக்கு முன்னாடியே கரை வந்துரும். உயரம் ஏறிடும், நீளம் ஏறாது, அதான் வில்லங்கமே.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு முகடு போயி அடுத்த முகடு வர எத்தனை விநாடி ஆகுதோ, அதை அதாலயே பெருக்கி, திரும்ப 1.56ஆல பெருக்கினா ஆழ்கடல்ல அலையோட நீளம் மீட்டர்ல வந்துரும். 14 விநாடி அலைன்னா 300 மீட்டருக்கு மேல, நடுத்தர கப்பல் அதுமேல ஏறி இறங்கி போயிடும். கருங்கடல் புயல்ல சாதாரணமா வர்ற 9 விநாடி அலைக்கு 126 மீட்டர்தான் வரும். நீங்க பார்த்த வோல்கோநெஃப்ட் டேங்கரோட நீளம் சுமார் 132 மீட்டர்! ரெண்டு முகடும் ரெண்டு முனையை தூக்கிப் பிடிக்க நடுவயிறு பள்ளத்துல தொங்கும், நாலஞ்சு விநாடியில முகடு நடுவுக்கு வந்துரும், இப்போ ரெண்டு முனையும் தொங்கும், இப்படியே ராத்திரி முழுக்க கம்பியை முன்னும் பின்னும் வளைக்கிற மாதிரி நடக்கும். அந்த டேங்கருங்க வேற ஆறும் கடலும் சேர்ந்த ரூட்டுக்காக சோவியத் காலத்துல கட்டுனது, இவ்ளோ அலைக்கு மேல கடலுக்கு போகக்கூடாதுன்னு வரம்பே உண்டு.

இது முதல் தடவையும் இல்ல. அதே ஏரியாவுல 2007 நவம்பர் 11ல வோல்கோநெஃப்ட்-139 முறிஞ்சுது, அதே நாள் கந்தகம் ஏத்துன கப்பல்களும் மூழ்குச்சு. 2023 நவம்பர் 19ல எதிர்க்கரையில துருக்கியோட எரெய்லி பக்கம் பல்லாடாங்கிற கப்பல் கரை தட்டி ரெண்டாச்சு, காஃப்காமெட்லெர்னு இன்னொண்ணு ஆட்களோட மூழ்கிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி காரணம் இருக்கும், ஆனா எல்லாமே நவம்பர் டிசம்பர்ங்கிறத மட்டும் கவனிங்க.

கேள்வி: பருவநிலை மாற்றத்தால அங்க அலை வருஷா வருஷம் கூடுதா?

பதில்: கூடுதுன்னு அடிச்சு சொல்ல முடியாது. கருங்கடல்ல அலை அளக்குற மிதவை ரொம்ப கம்மி, அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடிருக்கு. அதனால பழைய காத்து தரவை கம்ப்யூட்டர் மாடல்ல விட்டு பல பத்தாண்டு அலையை திருப்பி கணக்கு போடுறாங்க. அதுல பல இடத்துல தெளிவான ஏறுமுகம் இல்ல, வட அட்லாண்டிக் காத்தழுத்தம் மாறுறதுக்கு ஏத்த மாதிரி சில வருஷம் கூடும் சில வருஷம் குறையும். மேற்குப் பாதியில அலை கொஞ்சம் அதிகம், காரணம் வடகிழக்கு காத்துக்கு அங்க வர்ற வரைக்கும் நீண்ட ஓட்டம் கிடைக்குது. மொத்த சராசரி என்னவோ ஒரு மீட்டர் ஒட்டித்தான், அந்த நம்பரை நம்பி யாரும் துறைமுகம் கட்டிடாதீங்க. காத்து தரவுல புயலோட உச்சி பல நேரம் மழுங்கிப் போயிருக்கும், அதனால மாடல் சொல்ற பெரிய அலையும் நிஜத்தைவிட சின்னதா வர வாய்ப்பிருக்கு.

கேள்வி: நூறு வருஷ அலைன்னா நூறு வருஷத்துக்கு ஒரு தடவையா?

பதில்: இல்லீங்க. ஒவ்வொரு வருஷமும் 100ல 1 வாய்ப்புன்னு அர்த்தம். இந்த வருஷம் வந்துட்டு அடுத்த வருஷமே வரலாம். 30 வருஷம் நிக்கிற அலைத்தடுப்புச் சுவரு அதை ஒரு தடவையாவது பார்க்க சுமார் 26 சதவீதம் வாய்ப்பு.

கேள்வி: கருங்கடல் புயலாலதான் வானிலை அறிக்கையே பிறந்துச்சுன்னு சொல்றாங்களே?

பதில்: பாதி உண்மை. ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் பிரான்சும் சண்டை போட்ட கிரீமியப் போர் நேரம், 1854 நவம்பர் 14ல கருங்கடல் கரையில இருக்குற பலக்ளாவா துறைமுகம் பக்கம் அடிச்ச புயல்ல குளிர்கால துணிமணி ஏத்தி வந்த 'பிரின்ஸ்'ங்கிற பிரிட்டிஷ் கப்பல் மூழ்குச்சு, 'நாலாம் ஹென்றி'ங்கிற பிரெஞ்சு போர்க்கப்பல் கரை ஒதுங்குச்சு. என்ன நடந்துச்சுன்னு பார்க்கச் சொல்லி பிரெஞ்சு அரசு வானியல் அறிஞர் லெவெரியேகிட்ட வேலையை குடுத்துச்சு, ஆமா நெப்டியூன் எங்க இருக்கும்னு பேப்பர்லயே கணக்கு போட்டவரேதான். அவர் பல நாட்டு பதிவுகளை சேர்த்துப் பார்த்தா, புயல் மேற்கு ஐரோப்பாவுல இருந்து கிளம்பி கிழக்கே நகர்ந்து வந்திருக்கு. தந்தி அப்போவே புழக்கத்துல இருந்துச்சு, சேதி மட்டும் யாரும் அனுப்பல. அனுப்பியிருந்தா முன்னாடியே எச்சரிச்சிருக்கலாம்ங்கிற அந்த யோசனைதான் இந்தப் பேச்சுல இருக்குற உண்மை.