2016 மேக்புக் ப்ரோவை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

டச் பார் (கீபோர்டின் மேல்வரிசையில் உள்ள தொடுதிரைப் பட்டை) வைத்த 13 அங்குல 2016 மாடல் மலிவாகக் கிடைக்கிறது, தினசரி வேலைக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும், ஆனால் கீபோர்டைச் சோதிக்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள். லேப்டாப்பை மெலிதாக்க ஆப்பிள் அதில் பட்டர்ஃபிளை என்ற மெல்லிய வகைக் கீகளைப் போட்டது. கீ அமுங்கும் ஆழம் ரொம்பக் குறைவு என்பதால் துளி தூசி அடியில் போனாலே ஒரு எழுத்து இரண்டாக விழும், இல்லையென்றால் விழவே விழாது. ஆப்பிளே சொன்ன வைத்தியம், 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக் காற்று ஸ்ப்ரேயால் இடமிருந்து வலமாக அடித்து, அப்புறம் வலப்பக்கம் திருப்பி ஒருமுறை, இடப்பக்கம் திருப்பி ஒருமுறை அடிப்பது. சிரிப்பு வரும், ஆனால் தூசிதான் காரணமென்றால் சரியாகிவிடும். 2018இல் அறிவித்த இலவசப் பழுதுத் திட்டம் முதல் விற்பனையிலிருந்து 4 வருடத்துக்குத்தான், ஆகவே இனி கைக்காசுதான். பேட்டரி கீபோர்டுப் பகுதியோடே ஒட்டியிருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும், செலவு எகிறும்.

மூடியையும் மெதுவாக முழுக்கத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் போனதும் திரை இருண்டால், அல்லது கீழ்விளிம்பில் திட்டுத்திட்டாக வெளிச்சம் தெரிந்தால் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் பழகிவிடும். எஸ்கேப் கீ டச் பாரில்தான் இருக்கிறது, செட்டிங்ஸில் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே யுஎஸ்பி-சி போர்ட்டுகள். வலப்பக்க இரண்டுக்கும் வேகம் குறைவு, வேகமான வெளி டிஸ்க்கை இடப்பக்கம் செருகுங்கள். மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் மான்டெரே பதிப்போடு அப்டேட்டும் நின்றுவிட்டது, பேரம் பேசும்போது அதையும் சொல்லுங்கள்.