காட்டுச் சாலையின் சேற்று நீருக்கு அனுமதி வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆலைக் கழிவைக் குழாய் வழியே ஆற்றில் விடுவதற்கு அரசின் அனுமதி தேவை என்று படித்தேன். வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காகக் காட்டில் போடப்பட்ட சாலையின் சேற்று நீரும் குழாய் வழியாகத்தானே ஆற்றில் விழுகிறது? அதற்கும் அனுமதி தேவையா?

பதில்: தேவையில்லை என்பதே இன்றைய நிலை. ஆனால் அந்தச் சேறு தீங்கற்றது என்று யாரும் தீர்மானித்ததால் வந்த நிலை அன்று இது.

1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, குழாய், வாய்க்கால் என இன்ன இடம் என்று சுட்டிக்காட்டக்கூடிய முனையிலிருந்து மாசு கலந்தால் அனுமதி வேண்டும். சரிவுகளில் பரவலாக வழிந்தோடும் நீருக்கு வேண்டாம். 1987இல் வந்த திருத்தம் மழைநீரைப் பொதுவாக விலக்கிவிட்டு, 'தொழில்துறைச் செயல்பாட்டோடு தொடர்புடைய' மழைநீர் போன்ற சிலவற்றை மட்டும் அனுமதிக்குள் நிறுத்தியது. காட்டுச் சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் தீர்ப்பு இந்தச் சொற்றொடரைச் சுற்றியே அமைந்தது.

ஆரிகன் மாநிலத்தின் டில்லமூக் காட்டில், லாரிச் சக்கரங்களில் நொறுங்கிய சரளையின் நுண்துகள் மழையில் கரைந்து ஓடைகளில் இறங்குகிறது என்று ஒரு சூழலியல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. சால்மன், டிரவுட் மீன்கள் ஆற்றடிக் கூழாங்கற்களின் இடுக்குகளில் முட்டையிடுபவை. வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால், முட்டைகளுக்கு உயிர்வளியைக் கொண்டுவரும் நீரோட்டம் நின்றுவிடும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி தேவை என்றது. உச்ச நீதிமன்ற விசாரணைக்கு மூன்று நாள் முன்பு, 2012 நவம்பர் 30 அன்று, இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்தச் சொற்றொடரை விளக்கும் தன் விதியையே திருத்தி இச்சாலைகளை விலக்கியது. (நேரத்தைக் கவனியுங்கள்.) 2013 மார்ச் 20 அன்று 7-1 என்ற பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு, பழைய விதிக்கு முகமை தரும் பொருள், அதாவது இச்சாலைகளின் மழைநீர் தொழில்துறைக்குள் அடங்காது என்பது, ஏற்கத்தக்கதே என்றது. விதியை எழுதியவரே அதற்குப் பொருளும் சொல்லலாகாது என்று நீதிபதி ஸ்கேலியா மாறுபட்டார். எனக்கு அவர் பக்கமே வலுவாகத் தெரிகிறது. நீங்கள் கேட்கும் குழாய்க் கேள்வியையோ நீதிமன்றம் தொடவே இல்லை.

அதற்கும் 2014ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் நாடாளுமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது: மரம் வளர்த்து வெட்டும் பணிக்கான சாலைகளின் நீர்வடிவுக்கு இந்த அனுமதி கிடையாது. எஞ்சியிருப்பவை மாநிலங்களின் வனத்தொழில் விதிகளே. சேறு ஆற்றில் சேராமல் தடுக்க வழிகள் உண்டு: சாலையோர வாய்க்காலின் நீரை ஓடையைத் தொடுமுன் குறுக்குக் குழாய்களால் காட்டுத் தரைக்குத் திருப்பிவிட்டால், இலைச் சருகே அதை வடிகட்டிவிடும். சாலை ஊறிக் கிடக்கும் நாட்களில் லாரிகளை நிறுத்திவைப்பது இன்னொரு வழி.