கடலும் ராட்சத மரங்களும்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் வசிக்கும் மகளின் குடும்பத்துடன், ஜூலையில் கடலோரத்தையும் ராட்சத மரங்களையும் ஒரே பயணத்தில் காண எங்கே செல்லலாம்?

பதில்: 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் சென்றால், 1968-இல் அமைக்கப்பட்ட ரெட்வுட் தேசியப் பூங்காவை அடையலாம், ஒரே நாளில் திரும்பிவிட எண்ணாதீர்கள். (ரெட்வுட் என்பது அங்குள்ள ராட்சத மரங்களின் பெயர்; நம் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை.) மழை குறைந்த கோடை மாதங்களில், பசிபிக் கடலிலிருந்து எழும் மூடுபனியை இலைகளால் உறிஞ்சியும், கிளைகளிலிருந்து சொட்டும் அந்நீரை வேர்களால் பெற்றும் வாழும் இம்மரங்களில் சில 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியனைத் தேடி அலைய வேண்டாம்; அவ்விடம் செல்லத் தடை உள்ளது. அதைவிட, இருபுறச் சுவர்களிலும் பெரணிச் செடிகள் அடர்ந்த ஃபெர்ன் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கு பேரக்குழந்தைகளுக்குப் பிடிக்கும். கோடையில் அதற்கு முன்அனுமதி தேவை. மூடுபனியால் குளிரும் என்பதால், ஜூலையானாலும் கம்பளிச் சட்டைகளை எடுத்துச் செல்லுங்கள்.