கப்பல் கிடைத்துவிட்டது என்பதாலேயே ஏறிவிடலாமா?

கேள்வி: அன்பின் போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். ரங்கூன் பக்கத்துத் தான்லினிலிருந்து எழுதுகிறேன். வயது 26. திலாவாவில் ஓர் ஆலையில் கணக்கெழுதுகிறேன். அப்பா இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை நோய், தம்பி படிக்கிறான். மலேசியாவில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்டு சொல்கிறார். 55 லட்சம் கியாட் கேட்கிறார். சுற்றுலாவுக்குப் போவதுபோல் போய், அங்கே வேலை அனுமதிக்கு மாற்றிக்கொள்ளலாமாம். என் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம் ஏசாயா 43:19, "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்". சென்ற மாதம் ஓர் உபவாசக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து, "மேற்கே உனக்கு வாசல் திறந்திருக்கிறது" என்றார். அது பலிக்க 5 லட்சம் விதைக் காணிக்கை கொடுக்கச் சொன்னார். ஞாயிறு காலை மழை பெய்யாவிட்டால் போகிறேன் என்று அடையாளம் கேட்டேன். ஆலயத்துக்கு நடந்து போன நேரத்தில் மழை நின்றிருந்தது. உள்ளத்தில் சமாதானமும் இருக்கிறது. அம்மா மட்டும் அழுகிறார். இது கர்த்தருடைய வழிநடத்துதல்தானா? எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: மகளே, அந்த 5 லட்சத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. மற்றதைப் பிறகு பேசலாம்.

மலேசியா நமக்கு மேற்கே இல்லை. ரங்கூனிலிருந்து மேற்கே போனால் ஐராவதி டெல்டா, அதன்பின் வங்கக் கடல், அதற்கும் அப்பால் ஆந்திரக் கரை. தீர்க்கதரிசனம் சொல்ல வருகிறவர் உலகப் படத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

உன் கேள்விக்கு என் பதில் 'இல்லை' என்பதுதான். நீ சொல்லும் இந்த வழி கர்த்தருடைய வழிநடத்துதல் அல்ல. இதைச் சொல்ல எனக்குத் தரிசனம் எதுவும் வேண்டியதில்லை. உன் கடிதத்தின் ஒரு வரியே போதும். சுற்றுலாவுக்குப் போவதுபோல் போகிறாய் என்றால், விமான நிலையத்தில் அதிகாரி "எதற்குப் போகிறாய்?" என்று கேட்கும்போது என்ன சொல்வாய்? சுற்றிப் பார்க்க என்பாய். இறங்கிய இடத்திலும் அதே பொய். பொய் சொல்லாதே என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட ஆண்டவர், உனக்காக மட்டும் ஒரு பொய்யை வாசற்படியாகப் போட்டுத் தரமாட்டார். வழிநடத்துதல் என்று நாம் தேடுவதில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எழுதாத மீதிக்குத்தான் ஜெபித்துத் தேட வேண்டியிருக்கிறது. நாமோ எழுதியதைத் தாண்டிக் குதித்துவிட்டு மீதியில் மூழ்கிக் கிடக்கிறோம்.

வேலைக்குப் போகிறவருக்குப் பாஸ்போர்ட்டே வேறு. பி.ஜே. என்று இருந்தால் வேலைக்கு, பி.வி. என்றால் சும்மா போய்வர. தொழிலாளர் துறை தரும் வெளிநாட்டுத் தொழிலாளர் அட்டை ஒன்றும் வேண்டும். ஸ்மார்ட் கார்டு என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாகப் போனால் இவை இல்லாமல் நகர முடியாது. இதையெல்லாம் முறையாக வாங்கப் போனால் விதி அடிக்கடி மாறுகிறது, நேற்று வேண்டாம் என்ற தாளை இன்று கேட்கிறார்கள், கால் வீங்க நிற்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். நேர்மையானவனை அலைக்கழித்துக் குறுக்கு வழிக்காரனை வாழவைக்கும் ஏற்பாடு இது. அதற்காகக் குறுக்கு வழி கர்த்தருடைய வழியாகிவிடாது. தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய், எல்லையில் இருக்கும் மியாவடிப் பக்கத்து மோசடிக் கூடங்களில் பிள்ளைகளை அடைத்துவைத்த கதைகள் நமக்குப் புதியவை அல்ல. நம் பாட்டன்மாரும் ஆள்பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கித்தான் இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேறினார்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கி அந்தக் கடனைக் கழிப்பதற்குள் பலருக்கு இடுப்பு ஒடிந்தது. மேஸ்திரி இன்று சட்டைப்பையில் செல்போன் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஊழியக்காரர். என் 34 வருட ஊழியத்தில் கண்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏஜெண்டும் தீர்க்கதரிசியும் ஒரே மாதத்தில் ஒரே வீட்டுக்கு வந்தால், இருவருக்கும் பழக்கம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். என் சபையில் ஒரு விதவைத் தாய், மகனின் சிங்கப்பூர் வேலைக்கு 'வாசல் திறக்க' இரண்டு வளையல்களையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டார். தையல் கூலியில் சேர்த்து வாங்கியவை. மகன் இன்றும் இங்கேதான் டீக்கடையில் மோஹிங்கா பரிமாறுகிறான். பிறகு விசாரித்தபோது, வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர் அந்தப் பிரசங்கியின் மைத்துனர் என்று தெரிந்தது.

எலிசா தீர்க்கதரிசி, குஷ்டம் நீங்கிய நாகமானிடம் ஒரு காசு வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வெள்ளியும் வஸ்திரமும் வாங்கியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி. அந்தக் குஷ்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசித்துப் பார். ஒரு கிழத் தீர்க்கதரிசி, 'தேவதூதன் என்னோடு பேசினான்' என்று பொய் சொல்லி, தேவனுடைய மனுஷனை வழியிலிருந்து திருப்பிச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகிறான். நம்பிப் போனவனைச் சிங்கம் கொன்றது. பொய் சொன்னவனோ அவனை அடக்கம் செய்துவிட்டுத் தன் பாட்டில் இருக்கிறான். எனக்கு அந்த அதிகாரம் பிடிக்காது. ஆனால் உண்மை அப்படித்தான் இருக்கிறது. ஏமாற்றியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏமாந்தவன்தான் செத்தான்.

சூலே பகோடா பக்கத்தில் பேதின் சயாக்கள் என்னும் ஜோசியர்கள் உட்கார்ந்து பிறந்த கிழமை கேட்டுப் பலன் சொல்கிறார்கள். அங்கே போவது பாவம் என்று பிரசங்கம் செய்கிறோம். பிறகு அதே சயாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி நம் பிரசங்க பீடத்திலேயே ஏற்றிவிடுகிறோம். பேதின் சயாவாவது கூலி இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். யார் இவர்களுக்குப் பீடம் கொடுக்கிறார்கள்? நாங்கள்தான், சபைக் கமிட்டிகள்தான். கூட்டம் சேருகிறது, காணிக்கை சேருகிறது, கூரைக்குத் தகரம் போடலாம். யாரை அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள் என நானே மூன்று முறை கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், அந்தத் தாள் இன்னும் தள்ளிவைத்த இடத்திலேயே இருக்கும். பிள்ளைகளுக்கு வசனப் போட்டி வைத்துச் சோப்பு டப்பா பரிசு தருகிறோமே தவிர, ஒரு தீர்க்கதரிசனத்தை எப்படி நிதானித்துப் பார்ப்பது என்று ஒரு ஞாயிறு கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை.

வாக்குத்தத்த அட்டை பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன், கோபிக்காதே. அந்த அட்டைகளை நானும் என் மனைவியும் டிசம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து கத்தரிப்போம். பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவோம். எந்த வசனத்தைப் போடுவது என்று தேர்ந்தெடுத்தவன் நான். யோபின் கொப்புளம் பற்றிய வசனம் ஒருநாளும் அந்த டின்னுக்குள் விழுந்ததில்லை. உனக்கு வந்த அட்டை வருடம் முழுவதும் உனக்கு ஆறுதலாக இருக்கட்டும், அதற்காகத்தான் எழுதினோம். டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று அதனிடம் கேட்டால், கிளி ஜோசியக்காரரின் கிளி எடுக்கும் சீட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வசனம் பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனம் வீடு திரும்புவதைப் பற்றியது. வீட்டைவிட்டுப் போவதற்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

மழை விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டுத்தோலில் மட்டும் பனி பெய்யட்டும் என்று கிதியோன் அடையாளம் கேட்கவில்லையா என்பாய். கிதியோனுக்குக் கர்த்தர் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவன் தோலைப் போட்டது பயத்தில். 'உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக' என்று கெஞ்சித்தான் இரண்டாம் முறை கேட்கிறான். தவிர, ஆடி மாதத்து ரங்கூனில் மழை அரைமணி நேரம் நிற்பது ஓர் அற்புதமா?

ஆனாலும் அடையாளமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஓர் இடம் உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஆதியாகமம் 24. ஈசாக்குக்குப் பெண் பார்க்க ஆபிரகாமின் வேலைக்காரன் போகிறான். கிணற்றடியில் நின்று, 'நான் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று எந்தப் பெண் சொல்வாளோ அவளே' என்று ஜெபிக்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் உன் மழை அடையாளம் போலத்தான் இருக்கும். நின்று பார். பத்து ஒட்டகங்கள், நெடுந்தூரம் நடந்து வந்தவை. தாகத்தில் இருக்கும் ஓர் ஒட்டகம் நூறு லிட்டர்கூடக் குடிக்கும். யாரென்று தெரியாத கிழவனுக்காகச் சாயங்கால நேரத்தில் ஒரு பெண் குடத்தோடு ஓடி ஓடி இறைக்க வேண்டும். இரக்கமும் உழைப்பும் இல்லாதவளால் அது முடியாது. மருமகளாக வருகிறவளிடம் எந்தக் குணம் வேண்டுமோ, அதையே அவன் அடையாளமாக வைத்தான். அவள் குதிரையில் வருவாள், சிவப்புப் புடவை கட்டியிருப்பாள் என்று வைக்கவில்லை. அவள் இறைக்கத் தொடங்கிய பிறகும் துள்ளிக் குதிக்கவில்லை, பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். யார் மகள் என்று கேட்கிறான். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறான். கடைசியில் பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவள் 'போகிறேன்' என்கிறாள். இந்த மாதிரி அடையாளம் கேள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஏஜெண்டிடம், "முதலாளி பெயர், சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுதிய ஒப்பந்தத்தையும் ஏஜென்சி உரிமத்தின் நகலையும் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவிடம் காட்ட வேண்டும்" என்று கேள். அவர் தருகிறாரா, முகம் சுளிக்கிறாரா, "நம்பிக்கை இல்லையா அம்மா" என்கிறாரா என்று பார். அது அடையாளம்.

உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது என்றாய். நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொல்லியும் போகாத யோனாவுக்கும் இருந்தது. யோப்பாவுக்குப் போனான், தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குப் பணமும் இருந்தது. ஏறியவன் புயலிலும் அயர்ந்து தூங்கினான். வாசல் திறந்திருந்தது, சமாதானமும் இருந்தது, ஆனால் போன திசை கர்த்தர் சொன்னதற்கு நேர் எதிர்.

நம் ஊர்க் கதை இதற்கு மறுபக்கம். அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரும் அவர் மனைவியும் 1812இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இருக்கவிடவில்லை. மொரீஷியசுக்குப் போனார்கள், அங்கிருந்து 1813இல் சென்னை. பினாங்குக்குப் போகலாம் என்று நினைத்திருந்தார்கள். நீ போக நினைக்கும் அதே மலேசியப் பக்கம்தான்! அதற்குக் கப்பல் இல்லை. தாமதித்தால் கம்பெனி பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். துறைமுகத்தில் கிளம்பத் தயாராக இருந்தது ரங்கூன் கப்பல். ரங்கூன் வேண்டாம் என்று பலர் முன்பே பயமுறுத்தியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஏறினார்கள். வழியில் குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை 13 அன்று இங்கே வந்து சேர்ந்தபோது அந்த அம்மாவால் எழுந்து நடக்கவும் முடியவில்லை. முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். அந்த ஆறு வருடத்தில் எத்தனை நாள் 'தவறான கப்பலில் ஏறிவிட்டோமோ' என்று நினைத்திருப்பார்கள்! கப்பல் கிடைப்பதும் கிடைக்காததும் தனியாக நின்று ஒன்றையும் சொல்வதில்லை. எதற்காகப் போகிறாய், கை சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் நம்மால் பார்க்க முடியும். மற்றது பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது புரியும்.

அம்மாவின் அழுகையை ஏன் 'மட்டும்' என்று எழுதினாய்? நீ சொன்ன குரல்களிலே பணம் கேட்காத மனிதக் குரல் அது ஒன்றுதான். எனக்கு 30 வயதில் மோல்மேன் சபைக்குப் போகக் கர்த்தர் அழைக்கிறார் என்று தோன்றியது. வீட்டில் சொன்னேன். அம்மியில் ஙாப்பி அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே, "என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டும், மூட்டை கட்டுகிறேன்" என்றாள். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் யோசித்ததில், அந்தச் சபையில் போதகருக்குப் பெரிய பங்களா என்பதுதான் அழைப்பின் பாதி என்று தெரிந்தது. துரோவாவில் தரிசனம் கண்டவர் பவுல் ஒருவர்தான். ஆனால் அப்போஸ்தலர் 16:10இல் 'நாங்கள் நிச்சயித்துக்கொண்டு' என்றுதான் இருக்கிறது.

மலேசியாவுக்கே போகக் கூடாது என்கிறேனா? இல்லை. பி.ஜே. பாஸ்போர்ட், ஸ்மார்ட் கார்டு, கையில் ஒப்பந்தம், அம்மாவின் மருந்துக்கும் பராமரிப்புக்கும் ஓர் ஏற்பாடு, நீ போவதால் லாபமோ நஷ்டமோ இல்லாத இரண்டு பெரியவர்களின் யோசனை, இவ்வளவும் இருந்தால் போகலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டிலும் கர்த்தர் உன்னோடு இருப்பார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தண்டிக்கக் காத்திருக்கும் வாத்தியார் அல்ல அவர். யாரை மணப்பது என்ற பெரிய விஷயத்திலேயே, விதவைக்கு 'தனக்கு இஷ்டமாயிருக்கிற' ஒருவனை, கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால், மணந்துகொள்ள விடுதலை உண்டு என்று பவுல் எழுதிவிட்டார். முடிவின் பொறுப்பை ஓர் அட்டையின் மேலோ மேகத்தின் மேலோ போட்டுவிடப் பார்க்காதே.

பாஸ்போர்ட்டை நாளைக் காலையே திரும்ப வாங்கிவிடு. "அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் வா" என்பார். அங்கேயே உட்கார். தனியாகப் போகாதே, மாமாவைக் கூட்டிக்கொண்டு போ, மழைக்குக் குடையும் எடுத்துக்கொள்.